ஒரு நேயர் கொடுத்த நாள்

ஆல்டர் துறை, அலாஸ்கா
12 ஜூன் 1986

அன்புத் தங்கை ஐலிக்கு, அவள் இல்லையென்றால் இந்த உறையைப் பிரிக்கிறவருக்கு,

நான் சொல்லச் சொல்ல எழுதும் தபாலாபீஸ் மடில்டா தேதியை மேலே போட்டுவிட்டாள். எனக்குத் தேதி ஒட்டாது, வருடம்தான் ஒட்டும். மேற்கே அகஸ்டின் மலை சாம்பல் கக்கிய வருடம். வால் நட்சத்திரம் வருகிறது, வருகிறது என்று சொல்லி, எங்கள் மேகத்துக்குப் பின்னாலேயே வந்து போய்விட்ட வருடம். எண்ணெய் விலை விழுந்து, தலைநகரில் எல்லார் முகமும் கூடவே விழுந்த வருடம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ரேடியோ. அதே ரேடியோதான் நீ செத்துப்போனதாகவும் இன்று காலை சொன்னது.

வழக்கமாக நலமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு மேலே போவேன். இன்று அதை மட்டும்தான் கேட்கிறேன். நலமா?

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ரேடியோவுக்கு முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது. கேட்கிற ஜனங்கள் கொடுப்பதில்தான் ஓடுகிறது. விறகோ, மீனோ, பணமோ, எதைக் கொடுத்தாலும் வருடத்தில் ஒரு நாள் கொடுத்தவருடையது. அன்று விடிந்ததும் "இன்றைய ரேடியோ இன்னாருக்காக, இன்னார் கொடுத்தது" என்று வாசிப்பார்கள். நாள் கொடுப்பது என்று அதற்குப் பெயர். இன்று காலை நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைகளில் பாதிரியார் வீட்டம்மா கெர்டா மோயன் பேசுவாள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "இன்றைய ரேடியோ, ஐலி நிஸ்கலாவின் அன்பு நினைவாக, ஒரு நேயர் கொடுத்தது." அப்புறம் வானிலை வாசித்தாள். தென்கிழக்குக் காற்று, மழை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

தபாலாபீசுக்கு ஓடினேன். மடில்டா உன் எண்ணுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வீடு திரும்புவதற்குள் ஊர் முந்திக்கொண்டது. மேஜை முழுக்கப் பாத்திரங்கள். புகையிட்ட சால்மன், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, கெர்டா கொடுத்தனுப்பிய இனிப்பு ரொட்டி. ஸ்வான்சன் தம்பதி வந்தார்கள். கப்பல் பட்டறை யோனாஸ் வந்தான். டாங்கன் வீட்டு சீவெர்ட் வந்தான். உனக்கு நினைவிருக்குமே, இப்போது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மிதவை வீட்டில் தனியாக இருக்கிறான். எந்தச் சாவுக்கும் போகாதவன். "என் சாவுக்கே நான் வர்றதா இல்ல" என்பான். அவன் வந்து வாசலில் நின்று "எப்போ?" என்றான். "தெரியலப்பா" என்றேன். விறகு அடுக்கின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. தொப்பியைக்கூடப் போடாமல் எழுந்து போய்விட்டான்.

உயிரோடு இருந்தால் உடனே எழுது. இல்லாவிட்டால் உன் மகன் வெஸ்லி எழுதட்டும். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி சுகம்.

உன் அண்ணன்
ஆர்வோ

(இது மடில்டா. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். இதை நீங்களே வாசிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.)


அஸ்டோரியா, ஆரிகன்
24 ஜூன் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இதைவிட உறுதியாக நான் எப்போதும் எழுதியதில்லை. கழுத்தைத் திருப்பினால் கொஞ்சம் வலிக்கிறது. செத்தவர்களுக்கு அது இருக்காது என்று நினைக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர்த் துணி போடு. போட மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் வீட்டில் இல்லாததற்குக் காரணம் வெஸ்லி. சாக்ரமெண்டோவில் தன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்ட அழைத்துப் போயிருந்தான். நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரிகிறது. அவன் அப்பா உர்ஹோ போன பிறகு நான் தனியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டை வாங்க ஆள் பார்த்து வைத்திருக்கிறான். செப்டம்பர் முடிவதற்குள் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே ரேடியோவைத் திறந்தால் மெத்தை விற்கிறான், கார் விற்கிறான். நாள் கொடுக்கிற ரேடியோவை நான் கேள்விப்பட்டதே இல்லை. யார் நடத்துகிறார்கள்? சம்பளம் யார் கொடுப்பது? என்ன பேச வேண்டும் என்று யார் சொல்வது? முக்கியமாக, அந்த நேயர் யார்? நிஸ்கலா என்று என்னைக் கூப்பிட்டு நாற்பது வருடம் ஆகப்போகிறது. இங்கே எல்லாருக்கும் நான் திருமதி ரான்டா. ஜூன் பன்னிரண்டு என் பிறந்தநாள்கூட இல்லை. அன்று என்ன விசேஷம் என்று எனக்கு நினைவு வரவில்லை.

ஸ்வான்சன் தம்பதிக்கு என் நன்றி. யோனாஸின் கை இன்னும் நடுங்குகிறதா? கெர்டாவிடம் நான் கோபிக்கவில்லை என்று சொல், இனிப்பு ரொட்டி எப்படி இருந்தது என்றும் எழுது. என் சாவுக்குச் செய்தது, எனக்குத் தெரிய வேண்டாமா?

அன்புடன்,
ஐலி


ஆல்டர் துறை
5 ஜூலை 1986

உயிரோடிருக்கும் என் தங்கைக்கு,

உன் கடிதத்தை மடில்டா கவுண்டரிலேயே பிரித்து உரக்க வாசித்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். உனக்குக் கழுத்துவலி என்பது இப்போது ஊருக்கே தெரியும். கடுகெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். நான் சுகம். முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

மறுநாளிலிருந்து மூன்று காலை, அதே நேரத்தில், ரேடியோவில் திருத்தம் வாசித்தார்கள். "நாங்கள் தவறு செய்தோம். ஐலி நிஸ்கலா உயிரோடு இருக்கிறார்." தப்பு எந்த மைக்கில் நடந்ததோ அந்த மைக்கிலேயே திருத்த வேண்டும் என்பது ரொவீனாவின் சட்டம். ரொவீனா பெல்தான் ரேடியோவைக் கவனித்துக்கொள்பவள், பழைய வலைக் கொட்டகையின் மாடியில். சம்பளம் அவள் ஒருத்திக்குத்தான், அதுவும் மாதாமாதம் வருமென்று சொல்ல முடியாது. மற்ற எல்லாரும் நேரம் கிடைக்கும்போது வந்து பேசுகிறவர்கள். திருத்தம் வந்த உடனே பாத்திரத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஸ்வான்சன் மனைவி கேட்டாள், "ஆர்வோ, சாவு இல்லேன்னா சால்மனத் திருப்பித் தர்றதுதானே முறை?" "சாப்பிட்டாச்சே" என்றேன். "அப்ப அடுத்த சாவுல கழிச்சுக்கறேன்" என்று சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

நீ கேட்டதைக் கேட்கவே மாடியேறினேன். விஷயம் இதுதான். நாள் கொடுத்தவரிடமிருந்து வந்த அட்டையில் "ஐலி நிஸ்கலாவுக்காக" என்று மட்டும் இருந்ததாம். கெர்டாவுடையது சாவு அறிவிப்பு வாசித்து வாசித்துப் பழகிய வாய். முன்னும் பின்னும் உள்ள தேதிகளில் எல்லாம் செத்தவர்கள் பெயராக இருந்ததால் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு, அன்பு நினைவைத் தானே சேர்த்துவிட்டாள்.

"கொடுத்தது யாரு?" என்றேன்.

"சொல்ல மாட்டேன், ஆர்வோ. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

"அவரா? அப்ப ஆம்பளையா?"

"அவர்னா மரியாதை. உங்க பசுமாட்டக்கூட அவர்னு சொல்லுவேன்."

"என் தங்கச்சி பேருல கொடுத்திருக்காங்க. எனக்கே சொல்லக் கூடாதா?"

"உங்களுக்குச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தருக்கும் சொல்லுவேன்னு ஆயிடும். அப்புறம் இந்த ஊர்ல யாரு என்னை நம்பி என்ன கொடுப்பாங்க?"

என்னிடம் பசுமாடே இல்லை என்பது படியிறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது.

வந்தவர்களை எல்லாம் பேர் பேராக விசாரித்திருந்தாய். ஒருவரை விட்டுவிட்டாய். மடில்டா ஒரு வரியைத் தாண்டிவிட்டாளோ என்று மறுபடி வாசிக்கச் சொன்னேன். தாண்டவில்லை.

அந்த இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் போதாது. கழுத்தைப் பார்த்துக்கொள்.

ஆர்வோ


அஸ்டோரியா
16 ஜூலை 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

கடுகெண்ணெய் தடவினேன். வீடு முழுக்க அந்த வாசனைதான். பக்கத்து வீட்டுக்காரி என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊருக்கு என் நன்றி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? "கேட்காதே" என்பது பதில் இல்லை.

உங்கள் ரேடியோவைப் பற்றி எனக்குக் கேள்வி தீரவே மாட்டேன் என்கிறது. பாத்திரம் துலக்கும்போதும் அதே யோசனை. அதிகம் கொடுக்கிறவருக்கு அதிக நாள் கிடைக்குமா? பணக்காரன் ஒருவன் வந்து மொத்தத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நான் சொல்வதைப் பேசுங்கள் என்றால் என்ன செய்வார்கள்? ஒன்றுமே கொடுக்காதவனும் கேட்கலாமா, அல்லது அவன் வீட்டில் மட்டும் சத்தம் வராதா? சிரிக்காதே. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

நீ அதில் என்ன கேட்பாய் என்பதும் தெரிய வேண்டும். சின்ன வயதில் உனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியது நான். உன்னை ஏழு வயதிலேயே படகில் ஏற்றிவிட்டார் அப்பா. எழுத்து என்னிடம் தங்கியது, கடல் உன்னிடம் தங்கியது. நான் இங்கே வந்த பிறகு உனக்கு யார் வாசித்துக் காட்டினார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த அட்டையை மடில்டாவாவது பார்த்தாளா? எழுத்து எப்படி இருந்ததாம்? இடது பக்கம் சாய்ந்திருந்ததா? சும்மா கேட்கிறேன்.

வெஸ்லி போன வாரம் போன் செய்தான். அறைக்கு வெளிர் நீலம் அடிக்கட்டுமா, வெளிர் பச்சை அடிக்கட்டுமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்புடன்,
ஐலி


ஆல்டர் துறை
30 ஜூலை 1986

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகம், சுகம். இது முழங்காலுக்கும் சேர்த்து. உன் கழுத்து திரும்பினால் சந்தோஷம்.

கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். அதிகம் கொடுத்தாலும் ஒரு நாள்தான். படகு நிறைய ஹாலிபட் மீன் கொடுத்தவனுக்கும் ஒரு நாள், ஒரு வாளி நண்டு கொடுத்தவனுக்கும் ஒரு நாள். ஒன்றும் கொடுக்காதவனும் கேட்கலாம். காற்றுக்கு வேலி கிடையாதே. பணக்காரன் கதையும் நடந்ததுதான். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் மரக் கம்பெனி மேலாளர் ஒருவர் மாடியேறி வந்தார். ஜெனரேட்டருக்கு ஒரு வருட டீசல் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனி மரம் வெட்டுவதால் ஓடையில் சேறு கலக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் பேசுவதை ரேடியோவில் விடக் கூடாது. நான் அங்கே அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் நான் ரேடியோவுக்குக் கொடுப்பது.

"டீசல இறக்கி வைங்க. நிபந்தனையத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் ரொவீனா.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணாவே போகட்டும்."

போயிற்று. அந்தக் குளிர்காலம் ரேடியோ பாதி நாள்தான் பேசியது. பேசிய பாதியில் ஓடையைப் பற்றியும் பேசியது.

நான் என்ன கேட்பேன் என்றால், எல்லாம் கேட்பேன். நீ போன பிறகு பேப்பர் எனக்கு மீன் சுற்றத்தான் உதவியது. ரேடியோ வந்த பிறகு மத்தியானம் ஒருவர் பேப்பர் முழுவதையும் வாசிக்கிறார். சாயங்காலம் கடலில் இருப்பவர்களுக்கு வீட்டுச் செய்தி வாசிப்பார்கள். "கேரன் படகில் இருக்கும் எட், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, உன்னைக் கடிக்கக் காத்திருக்கிறான்." அவன் ஒருவனுக்குச் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டுச் சிரிக்கும். போன நவம்பரில் உன் உர்ஹோ போனதையும் நான் சொல்லித்தான் அதில் வாசித்தார்கள்.

எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சீவெர்ட் டாங்கன் வீட்டில் ரேடியோ கிடையாதாம். படகுத்துறையில் பார்த்தால் "என்ன ஆர்வோ, உன் ரேடியோ இன்னிக்கு யாரைக் கொன்னுச்சு?" என்பான். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. சீட்டியடிக்கிறான்.

அட்டையைப் பற்றிக் கேட்டேன். பெயர் வேண்டாம் என்பவர்களின் அட்டை அன்றே அடுப்புக்குப் போய்விடுமாம். நான் போட்ட விறகில்தான் எரிந்திருக்கும்.

ஜூன் பன்னிரண்டு உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. பனியின் கனத்தில் டின் மீன் ஆலையின் கூரை இடிந்து உட்கார்ந்த வருடம், கோடையில் கூரையில்லாமலே மீன் அடைத்த வருடம். அந்த ஜூன் பன்னிரண்டில் நீ கப்பலேறினாய். இன்னொன்றும் நினைவு வருகிறது. ரேடியோ தொடங்கியதிலிருந்தே கோடையில் ஒரு நாள் "இன்றைய ரேடியோ ஒருவருக்காக, ஒரு நேயர் கொடுத்தது" என்று வரும். யாரோ கூச்சக்காரர் என்று விட்டுவிடுவோம். இந்த வருடம் அது வரவில்லை. அந்த இடத்தில் உன் பெயர் வந்தது.

அம்மாவின் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலில் கடல் தெரியும். சுவருக்கு வண்ணம் இல்லை, பலகைதான். உன்னை வா என்று நான் சொல்லவில்லை. அறை இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஆர்வோ


ஆல்டர் துறை
28 ஆகஸ்ட் 1986

அன்புத் தங்கைக்கு,

நலமா? ஒவ்வொரு ஃபெர்ரிக் கப்பலுக்கும் போய் நிற்கிறேன். தபால் பை வருகிறது, அதில் நீ இல்லை. அந்த அறைப் பேச்சை எடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. எடுத்தாயிற்று. நான் சுகம்.

இங்கே வேறொரு கவலை. எண்ணெய் விலை விழுந்ததில் தலைநகரிலிருந்து ரேடியோவுக்கு வரும் கொஞ்சப் பணமும் பாதியாகப் போகிறது. ரொவீனா மைக்கில் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "உங்க ரேடியோ. வேணும்னா இருக்கும், வேண்டாம்னா இருக்காது. அடுத்த வருஷ நாட்கள் காலியா இருக்கு, வந்து எடுத்துக்கங்க" என்றாள். படியில் ஆள் நிற்கிறது. யோனாஸ் ஆண்டெனாக் கம்பத்துக்குப் புதுக் கம்பி இழுத்துக் கொடுத்து ஒரு நாள் எடுத்தான். இப்போதும் கை நடுங்குகிறது, கம்பத்தில் ஏறினால் மட்டும் நடுங்குவதில்லை. கெர்டா செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஜூன் பன்னிரண்டைத் தானே எடுத்து உனக்குக் கொடுப்பதாகச் சொன்னாள்.

"அது போயிடுச்சு" என்றாள் ரொவீனா.

"அதுக்குள்ளயா? யாருக்கு?"

"ஒரு நேயருக்கு."

நான் விறகைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுது. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. மடில்டா எல்லாவற்றையும் வாசிப்பாள்.

ஆர்வோ

(இது மடில்டா. மற்றவர்கள் தபாலைப் பற்றி நான் பேசக் கூடாது. கவுண்டருக்கு வெளியே நின்று உரக்கப் பேசியதைச் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். தெற்கேயிருந்து தபால் தாமதமா என்று திரு. டாங்கன் இரண்டு முறை கேட்டார். அவருக்கு வலை விற்கிற கடையின் விலைப்பட்டியலைத் தவிர எதுவும் வந்ததில்லை.)


அஸ்டோரியா
8 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவதற்குப் பதில் எழுதிக் கிழித்தேன். காரணம் ஒன்றும் இல்லை, மழை இல்லாத ஆகஸ்ட், தோட்டத்தில் வேலை இருந்தது.

காரணம் இருந்தது. நான் உனக்கு எழுதுவது மடில்டா வாய் வழியாகத்தான் உன் காதுக்கு வரும். அது குறையில்லை, மடில்டா, நீ நன்றாக வாசிக்கிறாய் என்று தெரியும். ஆனால் சில விஷயம் வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் சொல்லக் கூடியது இல்லை. அண்ணா, உனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் நான் முப்பது வருடத்துக்கு முன்பே எழுதியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாமல் இருந்ததும் நல்லதற்கே. உர்ஹோ நல்ல மனிதன்.

ரொவீனாவுக்கு நானே போன் செய்தேன். என் பெயரில் கொடுத்தது, எனக்குத் தெரிய உரிமை உண்டு என்று சொன்னேன். "உண்டு. ஆனா அதைச் சொல்ல வேண்டியது ரேடியோ இல்ல, கொடுத்தவர்" என்றாள். அரை மணி நேரம் பேசினோம். அவளிடமிருந்து ஒன்றும் கறக்க முடியவில்லை. போனை வைக்கும்போது எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள், ஒன்றை மட்டும் சொல்வதில்லை.

ஜூன் பன்னிரண்டு நினைவில்லை என்று எழுதியிருந்தேன். இருக்கிறது. கப்பல் ஊதியது, கயிறு அவிழ்த்தார்கள், நான் கீழே அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் கப்பல் நகர்ந்தபோது படகுத்துறையில் யார் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன் ஞாபகம் ஊருக்கே தெரிந்ததுதானே. அவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள்? அதை மட்டும் எழுது.

பத்திரம் என் மேஜையில் இருக்கிறது. உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெஸ்லியிடம் சொல்லிவிட்டேன். அறைக்கு நீலம் அடித்துவிட்டானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐலி


ஆல்டர் துறை
19 செப்டம்பர் 1986

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மடில்டா இந்த முறை உரக்க வாசிக்கவில்லை. தபாலாபீசைச் சாத்திவிட்டு, உள்ளறையில் என்னை உட்காரவைத்து மெதுவாக வாசித்தாள். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். "அரசாங்க வேலை" என்றாள்.

நலம் விசாரிப்பதை முன்னாலேயே முடித்துவிடுகிறேன். நீ கேட்டதைச் சொன்ன பிறகு வேறெதுவும் சொல்வதற்கு இருக்காது. என் முழங்கால் வலிக்கிறது, வெந்நீர்த் துணி போடுகிறேன், கொஞ்சம் தேவலை. உன் கழுத்து குணமாகட்டும். வெஸ்லிக்கு என் அன்பு. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீலமும் நல்ல வண்ணம்தான். ரேடியோ பிழைத்துக்கொண்டது. அடுத்த வருடத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. பிப்ரவரிக்கு இன்னொரு நாள் கூட்ட முடியுமா என்று யோனாஸ் கேட்கிறான். சியாட்டிலிலிருந்து வரும் ஃபெர்ரி வெள்ளிக்கிழமை புறப்படும். குளிர்கால நேரம் மாறினால் ரேடியோவில் சொல்வார்கள், நான் மடில்டாவை விட்டு எழுதச் சொல்கிறேன். இது ஊர்ச் செய்தி. எல்லாருக்கும் சொல்வதுதான்.

நாள் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. ரொவீனா சொல்லவில்லை, நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன். ஒரு மனிதன் தன் பெயரை வைத்துக்கொள்ள விரும்பினால் அதை அவனிடமே விடுவதுதான் சரி. அந்தச் சின்ன விஷயத்தைக் காப்பாற்றாத ரேடியோ ஓடையையும் காப்பாற்றாது. நீ கேட்டது வேறு. படகுத்துறையில் நின்றவர்களை நீ கேட்டாய். அது என் ஞாபகம், என் சொத்து. அதை நான் கொடுக்கலாம்.

அன்றும் மழை. அப்பா நின்றார், கையை உயர்த்தவில்லை. அவர் போனது உனக்குத் தெரியும். அம்மா வரவில்லை, அடுப்படியில் இருந்தாள். கப்பல் ஏஜெண்ட் புரூஸ்டர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், குடையில் பாதி கம்பி இல்லை. அவர் பெரிய பூகம்பம் வந்த வருடம், அதற்கு முந்தின வாரம் போனார். மடில்டாவின் அம்மா பெஸி பயணிகளுக்கு மணி கோத்த செருப்பு விற்றுக்கொண்டிருந்தாள். குழாய் எண்ணெய் தெற்கே வரத் தொடங்கிய வருடம் போனாள். அன்று அவள் வயிற்றில் மடில்டா இருந்தாள். (அப்படியானால் நானும் இருந்தேன். மடில்டா.) இவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூத்த ஸ்வான்சன், இப்போது இருப்பவனின் தகப்பன், கயிறு அவிழ்த்தவர். தன் படகிலேயே போனார், படகும் திரும்பவில்லை. ஆலைக் கணக்கர் மனைவி லோட்டி, அழவேண்டிய அவசியமே இல்லாமல் அழுதவள். போன வசந்தத்தில் போனாள், அதையும் ரேடியோவில் கெர்டாதான் வாசித்தாள், அப்போது சரியாக வாசித்தாள். அப்புறம் நான். நான் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், என்னை நீ கழித்துவிடு.

இன்னும் ஒருவன். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குள் போனவன். கப்பல் ஊதிய பிறகும் இறங்கவில்லை. பலகையை எடுக்கப் போகிறோம் என்று மாலுமி கத்தினான். அதற்கப்புறம்தான் இறங்கி வந்தான், கையில் உன் பெட்டியின் கைப்பிடி மட்டும் இருந்தது, தூக்கும்போது பிய்ந்துவிட்டது போல. நாங்கள் எல்லாரும் கலைந்து போனோம். நான் திரும்பிப் பார்த்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான், தொப்பி இல்லாமல், மழையில். மூன்று மாதத்துக்கு முன் என் விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தவனும் அப்படித்தான் இருந்தான். வீட்டில் ரேடியோ இல்லாத ஒருவனுக்கு, கஞ்சி அடிப்பிடித்த வாசனை போவதற்குள், நீ செத்த செய்தி எப்படி எட்டியது என்று நான் அன்று யோசிக்கவில்லை. இந்த வாரம் அவன் மிதவை வீட்டுக்குப் படிக்கட்டு செய்கிறான். இத்தனை வருடமும் தாவித்தான் ஏறினான்.

படகுத்துறையில் அன்று நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடிருப்பவன் ஒருவன்தான். சீவெர்ட் டாங்கன்.